நீமோவின் தாய்மாமன் கோட்டை

1992-ல் நான் கேரளத்தின் தேவிகுளம் தாலுகாவில் ஒரு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். போனஸ் வந்த வாரம் லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, மூணாறிலிருந்து டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து ஜீப்பில் ஏற்றி வருவார்கள். கிளப் கட்டிடத்தில் விடிய விடியப் படம் ஓடும். அந்த முறை இரண்டு தமிழ்ப் படங்களோடு, பிள்ளைகளுக்கென்று நான் ஓர் இங்கிலீஷ் கேசட்டும் எடுத்துவரச் சொல்லியிருந்தேன். வால்ட் டிஸ்னி கம்பெனி 1954-ல் எடுத்த ‘கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்’.

டிவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வசனத்தையெல்லாம் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் கடலைப் பார்த்ததில்லை. மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து டிவி வெளிச்சத்தில் புகைபோல நின்றது. கப்பலை ஒரு ராட்சத மிருகம் இடித்து மூழ்கடிக்கிறது. தேடிப் போனால் அது மிருகமே இல்லை, இரும்பால் செய்த நீர்மூழ்கிக் கப்பல். அதன் பெயர் நாட்டிலஸ். அதை ஓட்டுகிறவர் கேப்டன் நீமோ. நிலத்தில் வாழும் மனிதர்களோடு எனக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று கடலுக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறவர். கடல்பாசியில் சுருட்டு, கடல் மீனில் சாப்பாடு, ராத்திரியானால் தனியாக உட்கார்ந்து ஆர்கன் வாசிப்பு. பிள்ளைகள் வாயைத் திறந்தபடி பார்த்தார்கள்.

புயலடிக்கும் இரவில் கப்பலின் மேல்தளத்தைப் பெரிய கை ஒன்று வளைத்துப் பிடித்தது. “கணவாய், ராட்சதக் கணவாய்!” என்று நான் கத்தினேன். முன்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, “கணவாய்னா மலைக்கு நடுவுல போற வழிதான சார்?” என்று கேட்டான். அவன் சொன்னதும் சரிதான். மலையில் பிறந்தவனுக்குக் கணவாய் என்றால் பாதை, கடற்கரையில் பிறந்தவனுக்குக் கணவாய் என்றால் மீன். அது பத்துக் கையுள்ள கடல்பிராணி என்று நான் விளக்கி முடிப்பதற்குள் கரண்ட் போய்விட்டது.

யாரும் எழுந்து போகவில்லை. யாரோ அரிக்கேன் விளக்கைக் கொண்டுவந்து டிவியின் மேல் வைத்தார்கள். மீதிக் கதையை நான் வாயாலேயே சொன்னேன். சொல்லி முடித்ததும், ஆறாம் வகுப்பில் படித்த ஒரு பெண் கேட்டாள்:

“சார், அந்த ஆளு எந்தூரு சார்?”

“அவருக்கு ஊர் கிடையாதும்மா. நீமோன்னா லத்தீன் பாஷையில ‘யாருமில்லை’ன்னு அர்த்தம்.”

“ஊரில்லாம யாரு சார் இருக்கா?”

என்னிடம் பதில் இல்லை. எஸ்டேட்டில் பேரைக் கேட்ட மறுநிமிஷம் எந்த ஊர் என்றுதான் கேட்பார்கள். யாரும் எஸ்டேட் பேரைச் சொல்ல மாட்டார்கள். அப்பாவும் அம்மாவும் இங்கேயே பிறந்தவர்களாக இருந்தாலும் சங்கரன்கோவில் என்பார்கள், கடையநல்லூர் என்பார்கள். அங்கே போனால் மலையாளத்துக்காரர்கள் என்று பேர். இங்கே தமிழர்கள் என்று பேர். அந்தப் பிள்ளை கேட்டதை விளையாட்டுக் கேள்வி என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

படத்தில் இதற்குப் பதில் கிடையாது. ருரா பெந்தே என்ற ஒரு சிறைத் தீவு வருகிறது. நீமோ ஒரு காலத்தில் அங்கே கைதி. ரகசியத்தைச் சொல்லச் சொல்லி அவருடைய மனைவியையும் பிள்ளையையும் ஒரு நாட்டுக்காரர்கள் சித்திரவதை செய்து கொன்றார்கள். எந்த நாடு என்று சொல்வதில்லை, அவர் எந்த நாட்டுக்காரர் என்றும் சொல்வதில்லை. நடித்தவர் ஜேம்ஸ் மேசன், இங்கிலாந்தின் யார்க்‌ஷயர்க்காரர். அற்புதமான நடிகர், அந்தக் குரலில் இருக்கும் துக்கத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. ரிச்சர்ட் ஃப்ளைஷர் இயக்கம். கலை இயக்கத்துக்கும் தந்திரக் காட்சிகளுக்குமாக இரண்டு ஆஸ்கர் கிடைத்தது. அந்தக் கணவாய்ச் சண்டையை முதலில் சூரியன் மறையும் நேரத்தில் அமைதியான கடலில் எடுத்தார்களாம். கம்பியும் ரப்பரும் அப்படியே தெரிந்ததால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ராத்திரி, மழை, பேரலை என்று வைத்துத் திரும்ப எடுத்தார்கள். இருட்டும் தண்ணீரும் சேர்ந்து பொம்மைக்கு உயிர் கொடுத்துவிட்டன.

சில வருஷம் கழித்து எனக்குப் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவுக்கு மாற்றல் வந்தது. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழிப் பள்ளிக்கூடம். பொள்ளாச்சி கூப்பிடு தூரம்; பிள்ளைகள் ‘என்னங்க சார்’ என்று கொங்குத் தமிழில் கூப்பிடுவார்கள். சனிக்கிழமைகளில் பாலக்காட்டு நூலகத்துக்குப் போவேன். அங்கே ஒருநாள் ஜூல்ஸ் வெர்ன் எழுதிய ‘மர்மத் தீவு’ ஆங்கிலத்தில் கையில் கிடைத்தது. வெர்ன் பிரெஞ்சுக்காரர். இங்கிலாந்தில் விக்டோரியா ராணி ஆண்ட காலத்தில் எழுதியவர். நீமோவின் முதல் கதை 1869-70-ல் பாரிஸில் ஒரு சிறுவர் பத்திரிகையில் தொடராக வந்தது. ‘மர்மத் தீவு’ 1874-75-ல் வந்தது. முதல் கதையில் யாரென்று சொல்லாமல் விட்ட மனிதரை இரண்டாவது கதையின் கடைசியில், சாகக் கிடக்கும்போது, வாய் திறக்க வைக்கிறார் வெர்ன்.

படித்துக்கொண்டிருந்த நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

கேப்டன் நீமோ இந்தியர். பெயர் இளவரசர் தக்கார். புந்தேல்கண்ட் ராஜாவின் மகன். பத்து வயதில் அப்பா அவரை ஐரோப்பாவுக்கு அனுப்புகிறார், எதிரியின் வித்தையெல்லாம் கற்றுக்கொண்டு ஒருநாள் எதிரிக்குச் சமமாக நிற்க வேண்டும் என்பதற்காக. முப்பது வயதுவரை அங்கே விஞ்ஞானமும் கலையும் படித்துவிட்டு 1849-ல் ஊர் திரும்புகிறார். கல்யாணம், இரண்டு பிள்ளைகள். 1857-ல் சிப்பாய்கள் எழுந்தபோது முன்வரிசையில் நிற்கிறார். கிளர்ச்சி தோற்கிறது, குடும்பம் அழிகிறது. மிஞ்சிய விசுவாசிகள் சிலரோடு ஆளில்லாத தீவொன்றில் நாட்டிலஸைக் கட்டிக் கடலுக்குள் இறங்கிவிடுகிறார். இதோடு இன்னொரு உறவையும் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார் வெர்ன். தக்கார், திப்பு சுல்தானுக்கு உறவில் பிள்ளை.

பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் அண்ணன் மகனுக்கும் அக்கா மகனுக்கும் ஒரே சொல். வெர்ன் எழுதியதும் அந்தச் சொல்தான். நமக்கு அப்படி முடியாது. அண்ணன் தம்பி பெற்றது மகன், அக்கா தங்கை பெற்றது மருமகன். தக்காரின் அப்பா புந்தேல்கண்ட் ராஜா. அதனால் அம்மா வழியில்தான் திப்பு வரவேண்டும். நம் முறைப்படி திப்பு சுல்தான் கேப்டன் நீமோவின் தாய்மாமன். காது குத்துக்கு மடியில் உட்காரவைக்கும் உரிமை உள்ளவர். வெர்னுக்கு இந்த அர்த்தமெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. தமிழில் வாசிக்கிற மனசுக்குத் தெரிகிறது.

வருஷக் கணக்குப் போட்டும் பார்த்தேன். தக்கார் 1819 வாக்கில் பிறந்திருக்க வேண்டும். திப்புவின் தகப்பனார் ஹைதர் அலி 1782-ல் காலமானார். கடைசித் தங்கை ஒருத்தி இருந்திருந்தால் அவளுக்கு 1819-ல் முப்பத்தாறு, முப்பத்தேழு வயது. இழுத்துப் பிடித்தால் பொருந்தும். புந்தேல்கண்ட் ராஜவம்சத்துக்கும் மைசூர் நவாபுக்கும் சம்பந்தம் எப்படி என்று கேட்டால் பதில் இல்லை. வெர்ன் இந்தியாவுக்கு வந்ததே கிடையாது. புந்தேல்கண்ட் என்ற பெயர் அவருக்குப் பிடித்துப்போயிருக்க வேண்டும். எண்பது நாளில் உலகத்தைச் சுற்றும் கதையில் உடன்கட்டை நெருப்பிலிருந்து காப்பாற்றப்படும் ஔதாவும் ஒரு புந்தேல்கண்ட் ராஜாவின் விதவைதான்.

நூலகத்தை விட்டு வெளியே வந்து நேராகக் கோட்டைக்கு நடந்தேன். ஹைதர் அலி 1766-ல் கட்டிய கோட்டை. பாலக்காட்டில் எல்லோரும் சொல்வது திப்பு கோட்டை. கருங்கல் சுவர், சுற்றிலும் தண்ணீர் நிற்கும் அகழி, வாசலை ஒட்டி ஆஞ்சநேயர் கோயில். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்கும் மேற்குக் கடற்கரைக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுத்த பெரிய வழி பாலக்காட்டுக் கணவாய். அதைப் பிடித்தவன் கையில்தான் இரண்டு பக்கமும் இருக்கும். அதனால்தான் இந்தக் கோட்டைக்கு இத்தனை சண்டை. 1768-ல் வெள்ளைக்காரன் பிடித்தான், சில மாதத்தில் ஹைதர் திரும்ப வாங்கினார். 1783-ல் கர்னல் ஃபுல்லர்ட்டன், 1790-ல் கர்னல் ஸ்டூவர்ட். அதோடு போனது போனதுதான். 1799 மே 4-ம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு செத்தார்.

மலபாரில் திப்பு என்ற பேரைச் சொன்னால் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி முகம் மலராது. அவர் படை வந்தபோது ஊரை விட்டு ஓடியதைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் குடும்பங்களோடு நான் பழகியிருக்கிறேன். அவர்கள் வருத்தமும் உண்மை. ஆனால் தூரத்துப் பிரான்சில் உட்கார்ந்து எழுதிய ஒருவருக்கு, ஆங்கிலேயனுக்குத் தலைவணங்காத இந்தியன் என்று நினைத்ததும் முதலில் வந்த பெயர் திப்பு. அந்தக் குடும்பத்தில் ஒருவன் இயந்திர வித்தையில் உலகத்தையே மிஞ்சினான் என்று எழுதியதும் ஒன்றும் அபாண்டமில்லை. 1780-ல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் மைசூர்ப் படை இரும்புக் குழாய் ராக்கெட்டுகளை வீசி ஆங்கிலேயப் படையைத் திணறடித்தது. பின்னால் பிடிபட்ட ராக்கெட்டுகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்துத்தான் காங்க்ரீவ் என்ற ஆங்கிலேயர் தன் ராக்கெட்டைச் செய்தார். நம் அப்துல் கலாம் 1960-களில் அமெரிக்காவின் வாலப்ஸ் ராக்கெட் தளத்துக்குப் பயிற்சிக்குப் போனபோது, வரவேற்பறையில் திப்புவின் ராக்கெட் படையை ஓவியமாக மாட்டியிருந்ததைப் பார்த்ததாக ‘அக்கினிச் சிறகுகள்’ நூலில் எழுதியிருக்கிறார்.

நீமோ முதலில் இந்தியராக இருக்கவில்லை. வெர்ன் மனதில் இருந்தவர் போலந்துக்காரர். 1863-ல் போலந்தில் ரஷ்யாவுக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியை ஜார் அரசு நசுக்கியது. அதில் குடும்பத்தை இழந்த பிரபுவாக நீமோவை எழுதத்தான் வெர்ன் நினைத்தார். பதிப்பாளர் ஹெட்செல் மறுத்தார். ரஷ்யாவில் புத்தகம் விற்க வேண்டும், ரஷ்யா பிரான்சுக்கு வேண்டிய நாடு. அதனால் முதல் கதையில் ஊரே இல்லாமல் போயிற்று. நீமோவின் அறையில் கோசியுஸ்கோ, வாஷிங்டன், லிங்கன், ஜான் பிரவுன் என்று விடுதலை வீரர்களின் படங்கள் மாட்டியிருக்கும். அதில் ஓர் இந்தியர்கூடக் கிடையாது.

இருந்தாலும் முதல் கதையிலேயே ஒரு இடம் இருக்கிறது. அதை வாசித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நாட்டிலஸ் சிலோனுக்குப் பக்கத்தில், நம் மன்னார் வளைகுடாவுக்கு வருகிறது. நீமோ விருந்தாளிகளை முத்துச்சிப்பி விளைகிற கடலடிக்குக் கூட்டிப்போகிறார். மேலே ஒரு சின்னத் தோணி. அதிலிருந்து ஒரு ஏழை, காலில் கல்லை இடுக்கிக்கொண்டு மூச்சை அடக்கி உள்ளே இறங்கி, கைக்கு அகப்பட்ட சிப்பிகளை அள்ளிக்கொண்டு மேலே போகிறான், திரும்ப இறங்குகிறான். திடீரென்று சுறா. நீமோ கையில் கத்தியோடு பாய்ந்து சுறாவோடு மல்லுக்கட்டுகிறார். மயங்கிய குளியாளைத் தோணிக்குத் தூக்கிவந்து மூச்சு வரவைக்கிறார். தன் உடுப்பிலிருந்து ஒரு பை முத்தை எடுத்து அவன் கையில் வைக்கிறார். மனிதர்களோடு உறவே வேண்டாம் என்றவர் ஏன் இப்படிச் செய்தார் என்று பின்னால் கேட்கிறார்கள். அடிமைப்பட்ட தேசத்தைச் சேர்ந்தவன் அவன், கடைசி மூச்சுவரை நானும் அந்தத் தேசத்தான்தான் என்கிற அர்த்தத்தில் நீமோ பதில் சொல்கிறார்.

தூத்துக்குடிக்கும் மன்னாருக்கும் நடுவில் முத்துக் குளித்தவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். உலகம் முழுக்கச் சுற்றிய அந்த மனிதர் ஏழை ஒருவனுக்காகச் சுறாவின் வாய்க்கு முன்னால் போய் நின்ற இடம் நம்முடைய கடல். டிஸ்னி படத்தில் இந்தக் காட்சி இல்லவே இல்லை. இருந்திருந்தால் அன்றைக்கு விளக்கு வெளிச்சத்தில் அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்லியிருப்பேன்.

முதல் கதையின் தலைப்பில் வரும் இருபதாயிரம் லீக் என்றால் அவ்வளவு ஆழம் என்று பலர் நினைக்கிறார்கள். அது போன தூரம். கதையின் கணக்கில் ஒரு லீக் நாலு கிலோமீட்டர். மொத்தம் எண்பதாயிரம் கிலோமீட்டர், பூமியை இரண்டு சுற்று. நாட்டிலஸ் ஓடுவது மின்சாரத்தில், கடல்நீரிலிருந்து பிரித்த சோடியத்தை வைத்துச் செய்த மின்கலங்களால். மின்விளக்கு வீடுகளுக்கு வராத காலத்தில் எழுதியது இது. 1954 படத்தில் அந்தச் சக்தியை அணுசக்தி மாதிரி காட்டிவிட்டார்கள். காரணம் இருந்தது. அதே வருஷம் ஜனவரியில்தான் அமெரிக்கா தன் முதல் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலைத் தண்ணீரில் இறக்கியது. அதற்கு வைத்த பெயரும் நாட்டிலஸ்.

நீமோவின் கதையை மாற்றியது டிஸ்னி மட்டுமில்லை. ‘மர்மத் தீவு’ 1875-ல் இங்கிலாந்தில் கிங்ஸ்டன் என்பவர் பெயரில் ஆங்கிலத்துக்குப் போனபோதே, தக்கார் ஆங்கிலேய ஆட்சியைக் குற்றம் சொல்லும் பகுதிகளை வெட்டி, அந்த ஆட்சி நல்லது செய்ததாக மாற்றி எழுதிவிட்டார்கள். நம் நாட்டுப் பள்ளிக்கூட நூலகங்களில் பல காலம் புழங்கியது இப்படிப்பட்ட பழைய பிரதிகள்தான். நம்மவன் கதையை நம்மிடமே திருத்திக் கொடுத்தார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறுவதில்லை. 1961-ல் கொலம்பியா கம்பெனி ‘மர்மத் தீவை’ எடுத்தது. நீமோவாக வந்தவர் பிராகில் பிறந்த ஹெர்பர்ட் லோம். அதிலும் இந்திய வாடையே இல்லை. ஆனால் ரே ஹாரிஹவுசனின் கைவேலைக்காக அந்தப் படத்தை நான் விடமாட்டேன். ஆளை இடுக்கியில் தூக்கும் ராட்சத நண்டு, நிஜ நண்டின் ஓடு. உள்ளே எலும்புக்கூடு மாதிரி மூட்டுக் கம்பிகளை வைத்து, ஒரு நூலளவு நகர்த்துவது, ஒரு படம் எடுப்பது, திரும்ப நகர்த்துவது. திரையில் ஒரு விநாடி ஓட இப்படி இருபத்துநாலு படம்.

இந்த இரண்டு படங்களுக்கும் முந்தைய ஒன்றில்தான் நியாயம் நடந்திருக்கிறது என்பது பின்னால் தெரிந்தது. 1916-ல் யுனிவர்சல் கம்பெனிக்காக ஸ்டூவர்ட் பேட்டன் எடுத்த மௌனப்படம். இரண்டு நாவலையும் ஒன்றாகச் சேர்த்த கதை. நீமோ அதில் இந்திய இளவரசர். அவர் அரண்மனை, குடும்பம், பட்ட கஷ்டம் எல்லாம் கடைசியில் வருகிறது. நடித்தவர் ஆலன் ஹோலுபர் என்ற அமெரிக்கர், முகத்தில் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு. அது வருத்தம்தான். பஹாமாஸ் கடலில் வில்லியம்சன் சகோதரர்கள், படகிலிருந்து நீண்ட குழாயைக் கீழே இறக்கி, அதன் முனையில் கண்ணாடி வைத்த உருண்டை அறைக்குள் கேமராவோடு உட்கார்ந்து கடலடியைப் படமாக்கினார்கள். முழுநீளக் கதைப்படத்துக்கு அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. யூடியூபில் இருக்கிறது, நடுநடுவே வரும் எழுத்து அட்டைகளை மட்டும் பிள்ளைகளுக்கு மொழிபெயர்த்தால் போதும்.

நீமோவை ஓர் இந்தியரே ஹாலிவுட்டில் நடிக்க 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விக்டோரியா காலத்து நாவல்களின் நாயகர்களையெல்லாம் ஒரே கதையில் கூட்டிய படத்தில் நசிருதீன் ஷா தலைப்பாகையும் வாளுமாக வந்தார். படம் சுமார். அவர் நின்ற நிற்பு எனக்குப் போதுமானதாக இருந்தது.

ரிட்டயர் ஆவதற்கு முந்தைய வருஷம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் கோட்டைக்குக் கூட்டிப்போனேன். நாவலில் நாட்டிலஸின் நீளம் 70 மீட்டர், அகலம் 8 மீட்டர். பத்து மீட்டர்க் கயிறு ஒன்றைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அகழிக்கரையில் ஏழு தடவை கயிறு வைத்து அளந்து, முனைக்கு முனை ஒரு பிள்ளையை நிறுத்தினேன். கடைசியில் நின்ற பையன் பேசுவது முதலில் நின்ற பையனுக்குக் கேட்கவில்லை. “இத்தனை நீளமுங்களா சார்!” என்று ஒருத்தி அங்கிருந்து இங்கே ஓடிவந்தாள். அகழித் தண்ணீரில் பாசி படர்ந்திருந்தது. இதற்குள் அது மிதக்குமா என்று கேட்டார்கள். அகலம் போதும், ஆழம் போதாது என்று ஒரு பையன் முடிவு சொன்னான்.

போன மாதம் பழைய எஸ்டேட்காரர் ஒருவர் மூலமாக அந்தப் பெண்ணின் நம்பர் கிடைத்தது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அவளுக்கு ஒரு பையன். பேரைச் சொன்னதும் “சார்!” என்று சத்தம் போட்டாள். எந்த ஊர் என்று கேட்டது அவளுக்கு ஞாபகமே இல்லை. கணவாய் ஞாபகம் இருக்கிறது. டிவி மேல் விளக்கு வைத்தது ஞாபகம் இருக்கிறது. கரண்ட் வந்ததும் படம் வேறெங்கோ ஓட, எல்லோரும் “திருப்பிப் போடு, திருப்பிப் போடு” என்று கூச்சல் போட்டதையும் சொன்னாள். அது எனக்கு மறந்துபோயிருந்தது.

நான் விஷயத்தைச் சொன்னேன். இந்தியர், பேர் தக்கார், தாய்மாமன் திப்பு சுல்தான்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் தையல் மெஷின்கள் ஓடுவது கேட்டது.

“அப்ப நீங்க இப்ப அவுக தாய்மாமன் ஊர்லயா சார் இருக்கீக?”

“பக்கத்துல இருக்கேன்மா. கோட்டைக்கு பஸ்ல முக்கால் மணி நேரம்.”

“முழுப்பரீட்சை லீவுக்குப் பையனக் கூட்டிட்டு வாரேன் சார். திருப்பூர்ல இருந்து எந்த பஸ் ஏறணும்?”

கோயம்புத்தூர் வந்து உக்கடத்தில் பாலக்காடு பஸ் ஏறச் சொன்னேன்.